பெரட்டு, புரட்டு ஆனால்? நாவல்களின் எழுத்துப்பிழை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் மாதம் ஒருமுறை கூடி, ஒரு நாவலை எடுத்துப் பேசும் சின்னக் கூட்டம் ஒன்று எங்களுடையது. பதினைந்து பேர் வந்தால் அது பெரிய கூட்டம். கதையைப் பேசத்தான் உட்காருவோம். அரை மணி நேரத்தில் பேச்சு எழுத்துப்பிழையில் வந்து நிற்கும். நான் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். நண்பர்களின் நூல்களை அச்சுக்கு முன் ஒப்புநோக்கிக் கொடுப்பதும் உண்டு. அதனால் கேள்விகள் என் பக்கம்தான் திரும்பும். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாவலில் எழுத்துப்பிழை இருந்தால் வாசகர் உண்மையிலேயே கவலைப்படுகிறாரா? இல்லை, அது வாத்தியார்மாரின் வியாதி மட்டும்தானா?

வாத்தியார்மாருக்கு அது கவலை என்பதைவிட ஒருவகைச் சந்தோஷம். சிவப்புப் பேனைக்கு வேலை கிடைக்கிறதே! வேகமாக வாசிக்கிறவர்களில் பலர் பிழையைக் காண்பதே இல்லை. அவர்கள் எழுத்தெழுத்தாக வாசிப்பதில்லை, சொல்லின் உருவத்தைப் பார்த்தே தாண்டிவிடுகிறார்கள். 'கொழுந்து' என்பது 'கொழுத்து' என்று நின்றாலும் அவர்கள் மனத்தில் கொழுந்துதான் பதியும்.

அடி விழுவது மெல்ல வாசிக்கிறவருக்கு. என் அக்கா தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர், என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். ஓய்வுக்குப் பிறகு நான் கொடுக்கும் நாவல்களை வாசிக்க ஆரம்பித்தார். வரிக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வோர் எழுத்தாக. ஒருநாள் ஒரு நாவலில் "காலையில் பணி மூட்டம் மலையை மறைத்திருந்தது" என்ற வரியில் விரல் நின்றுவிட்டது. "பணி மூட்டம்னா என்னா தம்பி, மூட்டை மூட்டையா வேலையா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன்.

ஆனால் அதே புத்தகத்தில் நாற்பது பக்கம் தள்ளி 'புரட்டுக்களம்' என்று வந்தபோது அவர் சிரிக்கவில்லை. காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடத்தைத் தோட்டத்தில் பெரட்டுக்களம் என்போம். பரேட் என்ற ஆங்கிலச் சொல் எங்கள் வாயில் அப்படி ஆகி நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அச்சகத்தில் யாரோ அதைப் 'புரட்டு' என்று "திருத்தி" இருக்கிறார்கள். அக்கா என்னிடம் கேட்டது: "ஏன் தம்பி, அது புரட்டுக்களமா? நாங்கதான் இவ்வளவு காலமா பெரட்டுன்னு தப்பாச் சொல்லிக்கிட்டு இருந்தோமா?"

ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் அந்தக் களத்தில் நின்றவர் அவர். புத்தகம் சொல்வதால் தன் வாய்தான் பிழை என்று முடிவு செய்துவிட்டார். எழுத்துப்பிழை யாரைப் பாதிக்கும் என்று இப்போது யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன். நன்றாகத் தமிழ் தெரிந்தவர் புத்தகத்தைக் குறை சொல்வார். தெரியாது என்று நினைக்கிறவர் தன்னைக் குறை சொல்லிக்கொள்வார்.

எத்தனை பிழை வரை பொறுத்துக்கொள்ளலாம்?

கணக்கு எதுவும் இல்லை. முந்நூறு பக்கத்தில் பத்துப் பிழை இருந்தால் எங்கள் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. முதல் பக்கத்தில் இரண்டு இருந்தால் உடனே பேச்சு வரும். இடம்தான் முக்கியம். அட்டையில், சமர்ப்பணத்தில், கதாநாயகியின் பெயரில், கடைசிப் பக்கத்தில் வரும் பிழை ஒன்றே ஆனாலும் மறக்காது. கணவன் இறந்த கட்டத்தில் 'இறந்தான்' என்பது 'இரந்தான்' என்று அச்சாகியிருந்த ஒரு புத்தகம் என்னிடம் உண்டு. அழ வேண்டிய இடத்தில் அவன் பிச்சை கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பேச்சுவழக்கில் எழுதுவது எழுத்துப்பிழையா?

இல்லை. மலையக நாவலைப் பற்றிய சண்டையில் பாதி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

'தொர வாராரு', 'கொந்தரப்பு எடுத்துருக்கோம்', 'அங்கிட்டுப் போயிருச்சு' என்று ஒரு பாத்திரம் பேசினால் அது பாத்திரத்தின் வாய். அதை 'துரை வருகிறார்', 'ஒப்பந்த வேலை எடுத்திருக்கிறோம்' என்று மாற்றினால் எழுத்து சரியாகிவிடும், ஆள் காணாமல் போய்விடுவார். தோட்டத்துச் சொற்களுக்கு அவற்றுக்கென்று வரலாறு இருக்கிறது. லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. லயத்து அறையைக் காம்பரா என்கிறோம், அது போர்த்துக்கேயர் வழி வந்த சொல். லயத்தின் முன் திண்ணை இஸ்தோப்பு, அது ஒல்லாந்தர் விட்டுப்போனது. தேயிலை மரத்தை வெட்டிச் சீர்படுத்துவதை அகராதி கவாத்து என்கிறது. நாங்கள் அழுத்திக் கவ்வாத்து என்போம். இவற்றில் எதுவும் பிழை இல்லை.

வெளியில் இருந்து ஒப்புநோக்குகிறவருக்கு இது தெரியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நண்பர் ஒருவரின் நாவல் நாட்டுக்கு வெளியே ஒரு பதிப்பகத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது, புள்ளைக்காம்பரா 'பிள்ளைக் கேமரா' ஆகியிருந்தது. வேலைக்குப் போகும் தாய் கைக்குழந்தையை விட்டுச் செல்லும் இடம் அது. திருத்திய வாக்கியம் இப்படி இருந்தது: "அவள் குழந்தையைப் பிள்ளைக் கேமராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓடினாள்." அந்த நாவலில் பாணும், அதாவது ரொட்டியும், 'பான்' ஆகியிருந்தது. இருந்தாலும் கேமராவுக்கு முன்னால் பான் எம்மாத்திரம்.

ஆக, மலையக வாசகருக்கு இரண்டு பக்கமும் இடி. உண்மையான பிழை வந்தால் 'தோட்டத்து ஆட்களின் தமிழ் இப்படித்தான்' என்று வெளியாள் நினைத்துக்கொள்கிறார். எங்கள் சொல் சரியாக வந்தால் அதைப் பிழை என்று திருத்திவிடுகிறார். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அப்படியென்றால் எதை எழுதினாலும் 'வழக்கு' என்று சொல்லித் தப்பித்துவிடலாமா?

நல்ல கேள்வி. தப்பிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. நான் பார்ப்பது இரண்டு விஷயம். முதலாவது, யார் பேசுகிறார்? பாத்திரத்தின் வாயில் 'கொளுந்து' வந்தால் சரி, ழகரம் எங்கள் பேச்சில் ளகரமாகத்தான் ஒலிக்கிறது. கதை சொல்லும் குரல் எழுத்துத் தமிழில் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு 'கொளுந்து' வந்தால் அது பிழை. இரண்டாவது, ஒரே சீராக இருக்கிறதா? 12ஆம் பக்கத்தில் பெரட்டு, 30ஆம் பக்கத்தில் பிரட்டு, 51ஆம் பக்கத்தில் பிறட்டு என்று போனால் அது வழக்கு இல்லை, கவனக்குறைவு.

முழு நாவலையும் தோட்டப் பேச்சில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் விதி பொருந்தாது. இரண்டாவது பொருந்தும்.

ஹட்டனா, அட்டனா?

இரண்டும்தான். கிரந்த எழுத்து வேண்டாம் என்கிறவர் அட்டன், அப்புத்தளை என்று எழுதுவார். மற்றவர் ஹட்டன், ஹப்புத்தளை. பொகவந்தலாவ, பொகவந்தலாவை இரண்டையும் பார்க்கலாம். ஒரு நூலுக்குள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

யாழ்ப்பாணத்தில் ஒப்புநோக்கிய நாவல்களில் டீவி 'ரீவி' ஆகவும், ஜூலை 'யூலை' ஆகவும், ரப்பர் 'றப்பர்' ஆகவும் வரும். அங்கே அதற்கு நீண்ட மரபு இருக்கிறது, பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் தலவாக்கலையில் கடை வைத்திருக்கும் ஒருவர் 'ரீ குடிப்போமா' என்று கேட்பதாக வந்தால் எங்கள் கூட்டத்தில் சிரிப்பு எழும். எழுத்து சரி, ஊர் பிழை.

இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. இலங்கையின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படுவது 1885இல் வெளிவந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை, எங்கள் மலைநாட்டுக்காரர்தான். அதன் நாயகன் பெயரையே அசன்பே, அஸன்பே என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். யாரும் யாரையும் அடிப்பதில்லை.

மலையக நாவல்களில் அதிகம் காணும் பிழைகள் எவை?

ரகர றகரம்தான் முதலிடம். 'துரை' என்பது 'துறை' ஆகும், 'கல்வித்துறை' போய் 'கல்வித்துரை' ஆகும். இரண்டாவதைப் பார்த்த ஒருவர் 'அதுவும் ஒருவகையில் உண்மைதான்' என்றார். அரைப்பேர் 'அறைப்பேர்' ஆகும். கொழுந்து நிறை போதாத நாளில் பாதிச் சம்பளம் போடுவதுதான் அரைப்பேர். அறைப்பேர் என்றால் அடித்துக் கொடுத்த பேர் என்றல்லவா ஆகிறது! அப்புறம் னகர ணகரம்: பனி, பணி. நெடில் குறில்: கூடை 'குடை' ஆகி, தலையில் கயிறு போட்டுக் குடையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு பெண்கள் மலை ஏறுவார்கள்.

இவற்றில் பலவற்றைக் கணினிப் பிழைதிருத்தி பிடிக்காது. அவை அகராதியில் உள்ள சொற்கள்.

ஒற்றுப்பிழை?

அதை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. வாசகரில் பெரும்பாலானோரும் பார்ப்பதில்லை. 'தேயிலை செடி' என்று க், ச், த், ப் விட்டுப்போனால் காது கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். பொருள் மாறும் இடத்தில் மட்டும் விடக்கூடாது. 'பெரிய துரை வேலை கொடுத்தார்' என்றால் சம்பளத்துக்கு வழி பிறந்தது. 'பெரிய துரை வேலைக் கொடுத்தார்' என்று ஒரு க் கூடிவிட்டால் முருகன் கையில் இருப்பதை எடுத்து நீட்டுகிறார். இந்த இரண்டாவது வாக்கியத்தை அச்சில் நானே கண்டிருக்கிறேன்.

இலக்கம் தவறினால்?

எழுத்து தவறுவதைவிட மோசம். எழுத்துப்பிழையை வாசகர் தானே சரி செய்துகொள்வார். இலக்கத்தை அப்படியே நம்பிவிடுவார்.

நாடற்றிருந்த எங்கள் ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபரில் நடந்தது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுப்பது என்று அன்று பிரித்தார்கள். எங்கள் நாவல்களில் ரயிலேறிப் போகும் குடும்பங்கள் பலவும் அந்தக் கணக்கில் போனவைதான். ஒரு நாவலில் 64 தலைகீழாகி 1946 என்று நின்றது. 1946இல் நாட்டுக்குச் சுதந்திரமே வரவில்லை. கூட்டத்தில் இருந்த ஓர் இளம் பிள்ளை அதை வைத்துக்கொண்டு கதையின் வயதெல்லாம் கணக்குப் போட்டு, 'தாத்தாவுக்கு எப்படி சேர் நாலு வயசுல கல்யாணம் ஆச்சு?' என்று கேட்டது. ஆசிரியர் மேல் தப்பு இல்லை, கையெழுத்துப் பிரதியில் சரியாகவே இருந்ததாம். ஆனாலும் அந்தப் பிள்ளை மீதிக் கதையைச் சந்தேகத்தோடுதான் வாசித்தது.

இவ்வளவு பிழை எப்படி உள்ளே நுழைகிறது?

ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்குவார். பக்கத்துக் குழியில் கை பட்டால் வேறெழுத்து வந்துவிடும், எழுத்துத் தீர்ந்துபோனால் உள்ளதை வைத்துச் சமாளிப்பார். அதற்குத்தான் அச்சுப்பிசாசு என்று பெயர் வைத்தார்கள். அன்றைய நூல்களின் கடைசியில் 'பிழை திருத்தம்' என்று ஒரு தாள் இருக்கும்: பக்கம், வரி, பிழை, திருத்தம். அந்தத் தாளை முதலில் பார்த்து, உள்ளே போய்ப் பென்சிலால் திருத்திவிட்டு, அப்புறம் கதையைத் தொடங்கும் ஒரு தலைமுறை வாசகர் இருந்தார்கள். என் அப்பாவின் நண்பர் ஒருவர் அப்படித்தான். கல்யாணச் சாப்பாட்டுக்கு முன் இலையைத் துடைப்பது மாதிரி.

கணினி வந்தபின் பிசாசு வேறு வீட்டுக்குக் குடிபோயிற்று. இலங்கையில் நீண்ட காலம் பாமினி எழுத்துருவில்தான் தட்டினோம். இன்றும் பல அச்சகங்களில் அதுதான். அதில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி விசை. ஒன்றை விட்டால் 'அம்மா' என்பது 'அமமா' ஆகிவிடும். பாமினியில் உள்ளதை யுனிகோடுக்கு மாற்றும்போது இன்னொரு கூத்து நடக்கும். நடுவில் எங்கேயாவது ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழாக மாறி, எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்லாக நிற்கும். இப்போது கைத்தொலைபேசியில் நாவல் எழுதுகிறார்கள். அதில் 'பெரட்டு' என்று தட்டினால் ஃபோன் 'புரட்டு' என்று முந்திக்கொள்ளும். அக்கா வாசித்த நாவலுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே காசு. இங்கே நாவலாசிரியர் பலர் தம் கைக்காசைப் போட்டே நூல் போடுகிறார்கள். தட்டச்சுக்குக் கொடுப்பார்கள், அட்டைக்குக் கொடுப்பார்கள், தாளுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஒப்புநோக்கலுக்கு வரும்போது பையில் ஒன்றும் இருக்காது, 'நீங்க ஒருக்கா பாத்துக் குடுங்க சேர்' என்று என் வீட்டுக்கு வரும். 2022இல் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது தாளே கிடைக்கவில்லை; மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அந்தக் காலத்தில் நூல் போட்டவர்கள் எழுத்தைச் சிறிதாக்கி, வரியை நெருக்கி, பக்கத்தைக் குறைத்தார்கள். நெருங்கிய வரியில் பிழை கண்ணில் படவும் மாட்டாது.

கடைசிக் காரணம் வெளியீட்டு விழா. மண்டபம் பதிவு செய்து, பிரதம விருந்தினருக்குச் சொல்லி, அழைப்பிதழும் அடித்த பிறகுதான் ஒப்புநோக்கப் பிரதி கைக்கு வரும். 'ஞாயிற்றுக்கிழமைக்குள்ள' என்பார்கள். எந்த ஞாயிறு என்று கேட்கவே தேவையில்லை.

கணினியில் பிழைதிருத்தி இருக்கிறதே, அதில் போட்டுப் பார்த்தால் போதாதா?

போட்டுப் பாருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வாணி என்ற இணையப் பிழைதிருத்தி நன்றாகவே வேலை செய்கிறது. சந்திக்கு நாவி என்று இன்னொன்று உண்டு. அமமா, வந்தாள்ள் போன்றவை எல்லாம் உடனே மாட்டும். ஆனால் துரையும் துறையும், பனியும் பணியும் அதற்கு ஒன்றுதான். எதிர்ப்பக்கமாக, கொந்தரப்பு, இஸ்தோப்பு, செக்ரோல் (வேலையாட்களின் பெயர்ப் பதிவேடு) என்று எங்கள் சொல் ஒவ்வொன்றையும் பிழை என்று நீட்டும். மலையக நாவல் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடுதான். 'எல்லாவற்றையும் மாற்று' என்ற பொத்தானை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. 'கௌரவம்' என்று எழுத கௌ என்ற ஓர் எழுத்துப் போட வேண்டும்; பலர் கெ போட்டு ள போட்டு 'கெளரவம்' என்று தட்டிவிடுகிறார்கள். தாளில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். மின்னூலில் தேடினால் கிடைக்காது.

எழுதியவரின் கண்ணுக்கே பிழை ஏன் படுவதில்லை?

அவர் தாளைப் பார்ப்பதில்லை, மனத்தில் உள்ளதைப் பார்க்கிறார். சமைத்தவருக்கு உப்புத் தெரியாத மாதிரி.

நூலில் பிழை மலிந்திருந்தால் அந்த எழுத்தாளருக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். மலையக எழுத்தாளர்களில் பலர் லயத்தில் பிறந்து, மின்சாரம் இல்லாத காம்பராவில் விளக்கு வைத்து எழுதப் பழகியவர்கள். கங்காணி மகனும் உண்டு, கணக்கப்பிள்ளையும் உண்டு, என்னைப் போல வாத்தியாரும் உண்டு. அவர்கள் கையில் பிழை வரும். கொழும்புக்காரர் கையிலும் வரும், சென்னைக்காரர் கையிலும் வரும். வித்தியாசம், அவர்களுக்கும் அச்சுக்கும் நடுவில் எத்தனை கண்கள் இருந்தன என்பதுதான்.

எங்கள் வாசகர் இதில் கூடுதலாகக் கொதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் வந்தது. அதன் பிறகும் பலகைகளில் தமிழ் படும் பாட்டை நாள்தோறும் பார்க்கிறோம். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்தில் 'தாய்' போய் 'நாய்' வந்த படம் எல்லார் ஃபோனிலும் சுற்றியது. அந்தப் பலகையை எழுதியவருக்கு நம் மொழி தெரியாது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். நம்மவர் எழுதி, நம்மவர் அச்சடித்து, நம்மைப் பற்றிய நாவலில் அதே மாதிரி ஒன்று வந்தால் யாரைச் சொல்லித் தேற்றிக்கொள்வது? எங்கள் கூட்டத்தில் ஓர் அம்மா ஒருமுறை புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, 'வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முன்னால கிழிஞ்ச பாயை விரிச்ச மாதிரி இருக்கு' என்றார்.

பிழை உள்ள நாவலை வாசித்தால் பிள்ளைகளின் தமிழ் கெட்டுப்போகுமா?

ஒரு நாவலால் கெட்டுப்போகாது. வாசிக்காமல் இருந்தால்தான் கெட்டுப்போகும். ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளை 'மழைச்சாறல்' என்று எழுதி, நான் வெட்டினால், 'புத்தகத்தில அப்பிடித்தானே இருக்கு சேர்' என்று புத்தகத்தையே கொண்டுவந்து காட்டியிருக்கிறது. அச்சுக்கு அவ்வளவு அதிகாரம். அன்று நான் செய்தது, அந்தப் பிள்ளையிடமே பென்சிலைக் கொடுத்து அந்த றகரத்தை ரகரமாகத் திருத்தச் சொன்னதுதான். அதன் பிறகு அது நாவல் வாசிப்பதே பிழை பிடிக்கத்தான் என்று ஆகிவிட்டது, அது வேறு கதை.

வெளியீட்டு விழாவில் எழுந்து பிழையைச் சுட்டிக் காட்டலாமா?

வேண்டாம். முதற்பிரதி வாங்கியவர் முன்னால், மாலை போட்ட கழுத்தோடு நிற்கிற மனிதரிடம் 78ஆம் பக்கத்தைப் பற்றிப் பேசாதீர்கள். நான் ஒருமுறை பேசியிருக்கிறேன். மூன்று வருடம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தனியாகச் சொல்லுங்கள். கதையில் பிடித்ததை முதலில் சொல்லுங்கள், உண்மையிலேயே பிடித்திருந்தால். அப்புறம் ஒரு தாளில் பக்கம், வரி, உள்ளது, இருக்க வேண்டியது என்று நாலு பத்தியாக எழுதிக் கொடுங்கள். 'நிறையப் பிழை இருக்கு' என்ற வாய்ப்பேச்சு அவருக்கு மனவருத்தம் மட்டுமே. தாள் கையில் இருந்தால் அடுத்த பதிப்புக்கு உதவும். வழக்குச் சொல்லா, பிழையா என்று சந்தேகமாக இருந்தால் திருத்தம் எழுதாமல் கேள்விக்குறி போட்டுக் கொடுங்கள்.

என் நாவலை அச்சுக்குக் கொடுக்கப்போகிறேன். காசு அதிகம் இல்லை. என்ன செய்யலாம்?

முதலில் ஒரு கொப்பியில் உங்கள் நாவலின் ஊர்ப் பெயர், ஆள் பெயர், தோட்டச் சொல் எல்லாவற்றையும் நீங்கள் எழுதும் விதத்திலேயே எழுதுங்கள். இரண்டு பக்கம் வரும். அதைத் தட்டச்சு செய்பவருக்கும் ஒப்புநோக்குகிறவருக்கும் பதிப்பகத்துக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்து, 'இதில் உள்ளவற்றைத் திருத்த வேண்டாம்' என்று மேலே பெரிதாக எழுதிவிடுங்கள். பெரட்டைப் புரட்டிடமிருந்து காப்பாற்ற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். ஒருவருக்குத் தமிழ் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும். மற்றவருக்குத் தோட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டும் தெரிந்திருந்தாலும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் கையெழுத்துப் பிரதியைப் பார்ப்பது பழைய முறை, இன்னும் அதற்கு ஈடில்லை. விட்டுப்போன வரி அதில்தான் பிடிபடும். தனியாகப் பார்ப்பதானால் கடைசி அத்தியாயத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். கதை உங்களை இழுத்துக்கொண்டு ஓடாது. ஆண்டு, தொகை, வயது எல்லாவற்றையும் தனியாக ஒருமுறை.

மெல்ல வாசிக்கிற ஒருவருக்கும் ஒரு பிரதி கொடுத்துப் பாருங்கள். என் அக்கா இப்போது எனக்கு அந்த வேலை செய்கிறார். விரல் நின்ற இடத்தில் நான் ஒரு கோடு போடுவேன். இலக்கணக்காரர் இருவர் பார்த்து விட்ட பிரதியில் அவர் பதினொன்று பிடித்தார்.

மண்டபம் பதிவு செய்வது எல்லாம் இதற்குப் பிறகு.

பழைய நாவலை மறுபதிப்புச் செய்யும்போது பிழைகளைத் திருத்தலாமா?

அச்சுப்பிழை என்று உறுதியாகத் தெரிந்தால் திருத்தலாம், திருத்தியதை முன்னுரையில் சொல்லிவிட்டு. சந்தேகமானால் கைவைக்க வேண்டாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள் பலவற்றின் பழைய பதிப்புகள் வருடிய படமாகவே கிடைக்கின்றன. சொல் எப்படி இருந்தது என்று போய்ப் பார்க்கலாம்.

பழைய பதிப்புகளில் லை, னை, ணை, ளை ஆகியவை துதிக்கை தூக்கிய மாதிரி மேலே சுழித்திருக்கும். றா, னா, ணா ஆகியவற்றின் காலும் எழுத்தோடு ஒட்டியே வளைந்திருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் அரசு ஆணை மூலம் இவை மாறின, இங்கேயும் மெல்ல மெல்ல மாறிவிட்டன. எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி இவை அத்தனையையும் அச்சுப்பிழை என்று வட்டம் போட்டுக்கொண்டு வந்தார். அறுபது வட்டம் வரை போட்டுவிட்டுக் களைத்துப்போய் என்னிடம் கேட்டார்.

நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் பேனையால் திருத்தலாமா?

கூடாது. நூலகருக்குத் தெரிந்தால் தண்டப்பணம் கட்ட வேண்டும். ஆனால் திருத்தியவற்றைக் கண்டால் நான் நின்று வாசிப்பேன் என்பதை மறைக்கவில்லை.

நான் எடுத்த ஒரு நாவலில் 'பெரட்டு' என்று சரியாகவே அச்சாகியிருந்தது. யாரோ நீலப் பேனையால் அதை வெட்டி, மேலே அழகான கையெழுத்தில் 'பிரட்டு' என்று எழுதியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில், பென்சிலால், கோணலான பெரிய எழுத்தில் இன்னொருவர்: "நாங்க பெரட்டுன்னு தான் சொல்லுவோம்." அதற்கும் கீழே நீலப் பேனை திரும்ப வந்திருந்தது. சின்னதாக ஒரே சொல்: "சரி."